பத்தடி தள்ளி ஓர் ஆள்

சதுரங்கப்பட்டினம்
4-3-2024

மகள் தேவிப்பிரியாவுக்கு நைனா எழுதுவது.

உன் போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. நான் பேசினால் அந்தப் பக்கம் நீ "ஹலோ, ஹலோ" என்றே கத்துகிறாய். முப்பத்தெட்டு வருஷம் கரையில் மீன் ஏலம் கூவிய தொண்டை, இப்போது பக்கத்து வீட்டுக்கே எட்டவில்லை. ஏலத்தைப் பன்னீர்செல்வத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

செங்கல்பட்டு டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. "எழுபத்திரண்டு வயசாச்சே பெரியவரே" என்றார். குரல் நாண் மெலிந்து, மூடும்போது நடுவே இடைவெளி விழுகிறதாம். ஊசி போட்டால் சில மாதம் தாங்கும். ஆனால் நெஞ்சுக்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டுமே என்று தயங்குகிறார்.

பழைய குரல் வந்ததும் நானே கூப்பிடுகிறேன். அதுவரை போன் வேண்டாம்.

உன் நைனா
கங்காதரன்


லீட்ஸ்
20-3-2024

அன்புள்ள நைனாவுக்கு,

"வயசாச்சே" என்பது வைத்தியம் இல்லை. பழைய குரல் வரும் என்றும் நான் நம்பவில்லை. குரல் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. உன் வயதில் மெதுவாகத்தான் பிடிபடும், மூச்சும் சேர்ந்து தளர்ந்திருக்கும். ஆனாலும் பிடிபடுமாம். போய்ப் பார்.

போன் இல்லாத ஞாயிறு நீளமாக இருக்கிறது. சின்ன வயதில் இடுப்பளவு கடலில் இறங்கினால் கரையிலிருந்து "ஏ தேவி, ஏறு மேல!" என்பாய். இங்கே எல்லோருக்கும் நான் பிரியா.

தேவிப்பிரியா


சதுரங்கப்பட்டினம்
22-7-2024

தேவிக்கு,

ஊசி வேண்டாம் என்றாகிவிட்டது. பயிற்சி தருவது ஜோதிலட்சுமி என்ற பெண். தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ஊதச் சொன்னாள். அப்புறம் தினமும் பத்தடி தள்ளி ஓர் ஆளை நிற்க வைத்து, அவருக்குக் கேட்கும்படி எண்களைச் சொல்ல வேண்டுமாம். "வூட்ல யாரு இருக்காங்க?" என்றாள். யாரைச் சொல்வது? கரையில் ஏற்றி வைத்த படகுதான் என் ஆள்.

எண் சொல்லத் தொடங்கினால் ஏல ராகம் தானாக வந்துவிடுகிறது. நேற்று "நானூறு, நானூத்திப் பத்து" என்றபோது, படகுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மீன்காரி ஞானம்பாள் கூடையோடு எழுந்தாள்.

"நானூத்தி இருவது! எங்க அண்ணாத்த வஞ்சிரம்?"

மீனே இல்லை என்றேன்.

"இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு கீற? அதுவும் கெழவி கொரலுல!"

கிழவி குரல்தான். ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு, நம்மூர் மதியம் பன்னிரண்டுக்கு நானே கூப்பிடுகிறேன். முதலில் காற்றுதான் வரும். நீ ஹலோ சொல்லாதே. காத்திரு.

நைனா


லீட்ஸ்
11-8-2024

நைனா,

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "ஏ தேவி." மெல்லிய, நடுங்கும், நான் அறியாத குரல். கூப்பிட்ட விதம் மட்டும் நீ.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குக் குரல் வரவில்லை.

"ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்றாய். "கேக்கல போலக் கீது" என்று உனக்கே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாய். நான் நாலு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

இது உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை படகின் முன்னால் நிற்பதை விட்டுவிடாதே.

கேட்டது, நைனா.

தேவி