பொன்மணிக்கு நான் போட்ட வருகை

செப்டம்பர் 3

சீசன் வந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் உட்காரவேண்டிய வகுப்பில் பதினொரு பேர். மிச்சமெல்லாம் பயர் ஆபீஸில் பட்டாசுக்குத் திரி வைத்துக்கொண்டிருக்கின்றன. தீபாவளிக்கு முன்னால் சிவகாசியில் எவன் இங்கிலீஷ் படிப்பான்?

எங்களுடையது சமுதாயக் கல்லூரி. நாலு அறை, ஒரு வேப்பமரம், ஓடாத ஜெராக்ஸ் மிஷின். ஆனாலும் ஊருக்குள் நான் ‘புரபசரம்மா’. பெனிட்டோ மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். கட்டின புருஷன், அப்படித்தான் இருப்பார்.

எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அதனால் வராத பிள்ளைகளுக்கும் நானே வருகை போட்டுவிடுகிறேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஆண்டவர் செத்தவரை எழுப்பினார். நான் வராதவரை வரவைக்கிறேன். தையல் டிப்ளமோ நடத்துகிற எவாஞ்சலினும் போடுகிறாள். முகத்தை மட்டும் சர்ச்சில் புதுநன்மை வாங்கப் போகிறவள் மாதிரி வைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் பொன்மணி வந்து நின்றாள். வகுப்பில் தப்பாகவாவது இங்கிலீஷ் பேசுகிற ஒரே பிள்ளை.

“மிஸ், தீபாவளி வரைக்கும் வரமாட்டேன். ஒரு போன் வாங்கணும். அம்மாட்ட மட்டும் சொல்லிராதீக. நான் பயர் ஆபீஸ் வாசல மிதிச்சேன்னு தெரிஞ்சா வெட்டிப்போட்ரும்.”

“அப்ப காலைல எங்க போறேன்னு சொல்லுவ?”

“காலேஜுக்குத்தான். டிபன் பாக்ஸோட.”

சிரித்தேன். சரி போடி என்றேன்.

செப்டம்பர் 11

ஆய்வுக் குழு அடுத்த மாதம் வருகிறதாம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாரும் தினமும் வந்திருக்கிறார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

செப்டம்பர் 16

எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

பதினொன்று பத்து. முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்புறம்தான் சத்தம். இங்கே யாரும் ‘என்ன சத்தம்’ என்று கேட்பதில்லை. ‘எந்தக் கம்பெனி?’ அவ்வளவுதான். பதினொரு பிள்ளைகளும் போனை எடுத்தார்கள். “விஸ்வநத்தம் ரோட்டுப் பக்கம் மிஸ்” என்றான் முனியராஜ்.

அப்போதே என் போன் அடித்தது. பொன்மணியின் அம்மா மாரித்தாய். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள்.

“டீச்சர், எம்மவ வகுப்புலதான இருக்கா?”

மேசையில் பதிவேடு விரிந்து கிடந்தது. பத்து மணிக்கு நானே போட்ட குறி. ஆய்வுக் குழு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இருக்காம்மா” என்றேன்.

“நல்லா இருப்பீக டீச்சர்.” வைத்துவிட்டாள்.

பொன்மணி வேறே கம்பெனியில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. போன் வாங்கத்தானே போனாள்?

அஞ்சு மணிக்கு பெனிட்டோ கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பகல் டூட்டி. “ஞானம், பதினொண்ணரைக்கு ஒரு புள்ளையக் கொண்டுவந்தாக. ஊரும் தெரியல, பேரும் தெரியல. இப்பத்தான் அதோட பைய யாரோ கொண்டாந்து போட்டான். உள்ள உங்க காலேஜ் அட்டை. பொன்மணின்னு இருக்கு.”

அஞ்சரை மணி நேரம். யாருமில்லாமல் கிடந்திருக்கிறாள்.

செப்டம்பர் 17

உயிர் இருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கை, கழுத்து. குக்கர் விசில் அடித்தால் எனக்கு மூத்திரம் முட்டுகிறது.

செப்டம்பர் 19

வெடித்த கம்பெனியின் மேனேஜர் ஆண்டிச்சாமி அல்வாப் பெட்டியோடு முதல்வர் அறைக்கு வந்தார். நடிகை வீட்டுச் சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி வெள்ளை வேட்டி. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

“அந்தப் புள்ள எங்க ஆளே இல்ல மேடம். எங்க லிஸ்ட்ல பேரு இல்ல. உங்க ரிஜிஸ்டர்ல அன்னைக்கு வகுப்புல இருந்துச்சுன்னு இருக்காம்ல? அத ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீகன்னா போதும்.”

“அப்ப அவ எப்படிங்க வெந்தா?”

“காலேஜ்லருந்து நழுவி வேடிக்கை பாக்க வந்துருக்கும். வயசுப் புள்ளைகதான?”

அவர் போனதும் முதல்வர் ஜெயசுந்தர் கதவைச் சாத்தினார். “கையெழுத்துப் போட்டா பொழைச்சீக. போடலன்னா பன்னெண்டு வருஷமும் பொய் ரிஜிஸ்டர்னு ஆகும். கல்லூரியே போயிரும் மேடம்.”

“போட்டா அந்தப் புள்ளைக்கு நஷ்டஈடு வராதே சார்?”

அவர் அல்வாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்குள் சொல்லவேண்டும். அன்றைக்குக் கோட்டாட்சியர் விசாரணை.

செப்டம்பர் 20

பெனிட்டோவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாரித்தாயிடம் சொன்ன பொய்யையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. “அந்தப் புள்ள தண்ணி கேட்டுச்சு. நாந்தான் குடுத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பயமாயிருக்கு. வேலை போயிரும், சரி. போலீஸ் வருமோ? பேப்பர்ல போட்டோ போட்ருவானோ? அதுலயும் என் மூஞ்சி நல்லாவே விழாது. ச்சீ, இதுலயும் கேலி. நான் என்ன பொம்பள?

செப்டம்பர் 22

மதுரை போனேன். வார்டு வாசலில் மாரித்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், இன்னும் மரியாதையாக. அதுதான் தாங்கவில்லை. “அன்னைக்கு நீ கேட்டப்ப அவ வகுப்புல இல்லம்மா. எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். முன்னாலேயே ஒத்திகை பார்த்த நல்ல வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“அஞ்சு மணி வரைக்கும் நான் தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர்” என்றாள். “பக்கத்துல இருந்தவகட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். எம்மவ காலேஜ்ல இருக்கான்னு.”

அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஓரமாக உட்கார்ந்து வந்தேன், இடம் இருந்தும்.

செப்டம்பர் 24

சொல்லிவிட்டேன். கோட்டாட்சியர் முன்னால், ஆண்டிச்சாமி முன்னால். “அன்று பொன்மணி வரவில்லை. அந்தக் குறி நான் போட்ட பொய்.” எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. ஒரு குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார், பாவம். முனியராஜும் வந்து, அன்று காலையில் அவளைக் கம்பெனி வண்டியில் பார்த்ததாகச் சொன்னான். நான் கூப்பிடவில்லை.

அக்டோபர் 8

வேலை போயிற்று. எவாஞ்சலின் போனில் ஆறுதல் சொன்னாள்: “எங்கள எதுவும் சொல்லலியே?” இல்லையடி, நீ தூங்கு.

நவம்பர் 27

கம்பெனி லிஸ்டில் பொன்மணியின் பெயர் ஏறிவிட்டதாம், நஷ்டஈடு வருமாம். முனியராஜ்தான் சொன்னான்.

டிசம்பர் 9

மறுபடி மதுரை. இது எட்டாவது தடவை. முதல் தடவைக்குப் பிறகு ஆறு தடவையும் பழத்தை வார்டு வாசலில் வைத்துவிட்டு, மாரித்தாயின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே கால் வைக்கத் தைரியம் கிடையாது.

இன்றைக்குக் கையில் சீட்டோடு வெளியே வந்தாள். மாத்திரை வாங்க வெளிக்கடைக்குப் போகவேண்டுமாம். அங்குமிங்கும் பார்த்தாள். வேறு யாருமில்லை. என்னைப் பார்த்தாள்.

“நான் வார வரைக்கும் புள்ளைகிட்ட இருங்க. எங்கயும் போயிராதீக.”

பொன்மணி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மாரித்தாய் வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவில்லை.