பந்தியில் என் இடம்

ராஜபாளையம், ஜூன் 9, 2025

நான் சோற்றுக்கு வழியில்லாமல் கோயில் பந்தியில் உட்காரவில்லை. தெருவில் பேசிக்கொள்வது தவறு. வீட்டுக்காரர் போன பிறகும் பென்சன் வருகிறது. சேத்தூர் வயலிலிருந்து குத்தகை வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, மடவார் வளாகம் கோயிலில் அன்னதானம் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான். ஏன் என்று எவரும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூன் 11

மகன் விஜயபாண்டி ராணுவ முகாமிலிருந்து போன் செய்தான். எதிர்வீட்டுக் கனகலட்சுமி சொல்லியிருக்கிறாள்.

"சுபேதாரோட அம்மா பந்தியில கெடக்காவன்னு ஊரே சிரிக்கி. என்ன கொறைன்னு சொல்லுங்கம்மா, அனுப்புதேன்."

நான் வாயெடுப்பதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

ஜூன் 13

கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. மகன் ஏற்பாடு. ஒருத்திக்கு மூட்டை அரிசி! கனகலட்சுமி வாசலுக்கு வந்து பார்த்தாள். சரி, இனி கோயிலுக்குப் போவதில்லை.

ஜூன் 17

இன்று பேசியது பால்காரரிடம் மட்டும். நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றேன்.

ஜூன் 20

தட்டுக்கு வலப்புறம் கரண்டி, மடித்த துண்டு. கான்வென்டில் பழகியது, இன்றும் மாற்றவில்லை. ஆனால் எதிரே ஆள் இல்லை. குழம்புக்கு உப்புப் போடவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. இது என்ன தரித்திரம் — அரிசி மூட்டை பக்கத்திலேயே நிற்கிறதே?

ஜூன் 25

சாமி கும்பிட மட்டும்தான் போனேன். பந்திக் கூடத்தைத் தாண்டும்போது இசக்கியம்மாள் கையைப் பிடித்துவிட்டாள். மம்சாபுரத்துக்காரி, களையெடுப்பு இல்லாத நாட்களில் வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

"எங்க போயிட்டிய ஆச்சி? வந்த நாளெல்லாம் உங்க எடத்துல ஒருத்தரையும் உக்கார விடல. ஒரு பெரியவரு என்னைய ஏசிக்கிட்டே போறாரு."

ஊரில் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள் என்றேன்.

"பேசுதவிய வீட்டுல உங்களுக்கு எலை போட்டாவளா?"

உட்கார்ந்தேன். கண் கலங்கியதற்கு ரசத்து மிளகின் மேல் பழியைப் போட்டேன்.

ஜூன் 27

மூட்டையை ஆட்டோவில் ஏற்றி அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டேன். கனகலட்சுமி பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூலை 2

விஜயபாண்டிக்கு இன்று தபாலில் போட்டது:

'நீ அனுப்பிய அரிசியைப் பந்தியில் எல்லோரோடும் சாப்பிட்டேன். பதமாக வெந்திருந்தது. எனக்கு என்ன குறை என்று கேட்டாய். சொல்வதற்குள் நீ போய்விட்டாய். அங்கே நான் போகாவிட்டால் தேடுவதற்கு ஒருத்தி இருக்கிறாள். இடப்பக்கம் அவள். வலப்பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். லீவில் வரும்போது அந்த இடத்தை உனக்குப் பிடித்து வைக்கட்டுமா? போனில் கட்டைவிரல் படம் அனுப்பாதே. கையால் எழுதிப் பதில் போடு.'