முடக்கத்தான் தோசைப்பொடி

பாய்,

இன்றைக்குக் காலையில் கடையில் சரக்குப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். குப்பென்று அந்தப் பச்சை வாடை அடித்தது. முடக்கத்தான் தோசைப்பொடி. திருவேற்காட்டுப் பெண்கள் குழு மாதாமாதம் அனுப்புவது. நீங்கள் போனது அவர்களுக்குத் தெரியாது, இந்த மாதமும் அனுப்பிவிட்டார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்ததா, எரிச்சல் வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "இது ஓடுதாம்மா? ஓடலைன்னா நிறுத்திடலாம். சாயங்காலம் கூட்டத்துல சொல்லுங்க" என்றார். மேனாம்பேட்டில் காலனிக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற இந்தச் சின்னக் கடைக்குக் கண்டிப்பான விதி என்று இருப்பது அது ஒன்றுதான். ஒரு மாதத்தில் தீராத சரக்கை மறுமாதம் வாங்கக் கூடாது. அந்த விதியைப் போட்டதே நீங்கள்தான்.

பூந்தமல்லியில் ஆயுசெல்லாம் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தீர்கள். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து சம்பளமில்லாமல் நின்றீர்கள். கடையில் நிற்க எனக்கும் உங்களுக்கும் ஒரே முறை, காலை நேரம். முதல் நாளே எனக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டது. "ஆணி அழுகிப்போவாது தங்கச்சி, கத்திரிக்கா அழுகிப்பூடும். போவாத சரக்கு மேல பாசம் வக்காதே." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அப்படிச் சொன்ன மனுஷன்தானே நீங்கள்?

அரிசி மூட்டையை நகர்த்தும்போது ஒருநாள் முட்டி பிடித்துக்கொண்டு, "மாதாவே!" என்று கத்திவிட்டேன். உடனே நீங்கள், "அவங்கள ஏன் கூப்புடுற? அவங்களுக்கு ஆயிரம் வேலை கீது. முட்டிக்கு முடக்கத்தான் கீது" என்றீர்கள். எனக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் பார்த்தால் இந்தப் பெட்டி கடைக்கு வந்து இறங்கியிருக்கிறது. எனக்காகவே விசாரித்து வரவழைத்திருக்கிறீர்கள். வாங்காமல் எப்படி இருப்பேன்?

வாங்கினேன். தோசை ஊற்றினேன். என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது தோசையா, கஷாயமா?" என்று தட்டை நகர்த்திவிட்டாள். எனக்கும் இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலை நீங்கள் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக, "இன்னா தங்கச்சி, முட்டி இன்னா சொல்லுது?" என்று கேட்டபோது உங்கள் முகத்தில் அப்படி ஓர் ஆசை. "நல்லா கேக்குது பாய்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்த சனியன். மாதாமாதம் பாதிப் பெட்டியை நானே வாங்கினேன். ஆவடியில் இருக்கும் என் தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். ஒருநாள் வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ வந்ததே போதும், அது வேணாம்" என்று கும்பிட்டாள். மிச்சப் பாதிப் பெட்டி எப்படித் தீர்கிறது என்றுதான் எனக்கு ஆச்சரியம். காலனியில் இத்தனை பேருக்கா முட்டி வலி என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் வீட்டம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். அடுக்கடுக்காக முடக்கத்தான் பொடி. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"மாசாமாசம் எட்டாந்து ரொப்பி வச்சிகிறாரும்மா. ஒருநாள் தோசை ஊத்திக் குடுத்தேன். 'த்தூ, இன்னாடி இது, வேப்பந்தழையாட்டம் கீது'ன்னு தள்ளிட்டாரு. அப்புறம் எதுக்கு வாங்கினு வரீங்கன்னு கேட்டா, 'அந்தத் தங்கச்சி ஒன்னுதான் வாங்குது. மிச்சம் நின்னா வரவழைக்க மாட்டானுங்க. அது முட்டிக்கு இன்னா பண்ணும்'ன்றாரு."

பாய், அந்த அம்மா அழுதுகொண்டிருக்கிறார்கள், எனக்கோ தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் நான் அழுவதாக நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அப்புறம் நிஜமாகவே அழுதேன்.

அன்றிலிருந்து யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நீங்கள் மனம் நோகக் கூடாது என்று நான் வாங்கினேன். எனக்கு வலிக்கக் கூடாது என்று, நான் வராத நாளாகப் பார்த்து நீங்கள் வாங்கினீர்கள். இரண்டு பேரும் தின்னவில்லை. உங்கள் விதியை உங்கள் கையாலேயே ஏமாற்றினீர்களே, அது எனக்காகவா? அப்படியென்றால் நான் சொன்ன பொய்யை நம்பினீர்கள். ஆனால் நம்பியவர், முட்டி தேவலை என்று நான் சொன்ன பிறகும் மூட்டைப் பக்கம் என்னை ஏன் விடவே இல்லை? "நீ குந்து, நான் நவுத்துறேன்" என்று ஓடி வருவீர்களே! அப்போ தெரியுமா உங்களுக்கு? தெரிந்தும் வாங்கினீர்களா? ஒரு வார்த்தை யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் கல்லாவிலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்போம். சொல்லாமல் விட்டதுதான் நல்லதோ என்றும் தோன்றுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீங்கள் இல்லை.

சாயங்காலம் கூட்டத்துக்குப் போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். யாருமே தின்னாத பொடி, நிறுத்திவிடலாம், அவ்வளவுதானே? திருவேற்காட்டுப் பெண்கள் வேறு ஏதாவது செய்து அனுப்பட்டும். நீங்கள் சொன்னபடி போகாத சரக்கு மேல் பாசம் வைப்பானேன்.

செயலாளர் ஒவ்வொரு சரக்காகப் பேசிக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார். "அந்த முடக்கத்தான் என்னம்மா, எடுத்துடலாமா? யாராவது வாங்குறாங்களா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"ரெண்டு பேர் வாங்குறாங்க சார்" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் உங்கள் பங்கையும் என் பங்கையும் ஒரே பையில் போட்டு நானே தூக்கிக்கொண்டு வந்தேன், பாய். வீட்டுப் படியை நின்று நின்றுதான் ஏறினேன்.