எழுதாத தாளில் போன லோரி

தம்பி,

இன்று காலை கதவைத் திறந்ததும் கிரீஸ் வாடை. உன் லோரியைப் பள்ளத்திலிருந்து தூக்கியவன் வாசலில் நின்றான். தலை நரைத்துவிட்டது. கையில் ஒரு விண்ணப்பப் பாரம். அவன் லோரிப் பட்டறையை நம் லயத்து வீட்டு வரிசையை ஒட்டியே தொடர்ந்து நடத்த, பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டுமாம்.

"ஒரு சைன்தான்லா அக்கா."

நீ வைத்த சைன் நினைவுக்கு வந்தது. புயல் மழையில் கோலா தெர்லா மலைச்சாலை வளைவில் மண் சரிந்து, முட்டைக்கோஸ் கூடைகளோடு உன் லோரி பள்ளத்தில் கிடந்தது. இவன்தான் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி உன்னை மேலே ஏற்றினான். தன் சட்டையைக் கழற்றி உனக்குப் போர்த்தினான். பிறகு எழுதாத தாள் ஒன்றை நீட்டினான். நீ கையெழுத்துப் போட்டாய்.

நான் திட்டியபோது சொன்னாயே: "உசுர தூக்கிவிட்டவன்கிட்ட, காயிதத்துல என்னா எழுதப் போறன்னு கேக்க முடியுமாக்கா?"

ஒரு கிரேன் அரை நாள் வேலை செய்தது. தாளில் இரண்டு கிரேன், மூன்று நாள் என்று எழுதிக்கொண்டான். தங்களைக் கேட்காமல் தூக்கிய செலவை ஏற்க முடியாது என்று காப்புறுதி கொடுத்த இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு அவர்களுக்கு மலாய் மொழியில் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். கையெழுத்து இருக்கிறதே என்பதுதான் ஒரே பதில். தூக்கிய கூலி லோரியின் விலையைத் தாண்டியது. லோரியை அவனே வைத்துக்கொண்டான். பெயிண்டை மாற்றி கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி ஏற்ற ஓட்டினான். நீ கம்போங் ராஜாவில் அடுத்தவன் தோட்டத்தில் பூச்சிமருந்துப் பம்பு சுமந்தாய். பம்போடு பாத்தியிலேயே விழுந்து போனாய். சாவு வீட்டுக்கு மாலையோடு வந்தவனைத் திருப்பி அனுப்பினேன்.

இன்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். அவன் நாற்காலியில் நெளிந்தான்.

"எல்லாம் சரியாதான் இருக்குக்கா."

"இருக்கு. இந்த வாட்டி எழுதியே கொண்டாந்திருக்க."

"ஒங்க தம்பிய நான்தானக்கா மேல ஏத்துனேன்."

"ஏத்துன. அதுக்கு அன்னிக்கே ஒன் கையப் புடிச்சுக் கும்பிட்டேன். லோரிய எதுக்குடா எடுத்த?"

"பழச எதுக்குக்கா கிண்டுறீங்க? பட்டறய எடுக்கச் சொன்னா எம் பொழப்பே போச்சு."

"எந் தம்பி பொழப்பும் அப்படித்தான் போச்சு."

கையெழுத்துப் போடவில்லை. அவன் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு லயத்தின் எல்லா வீடுகளுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னேன். அவன் உன்னைக் காப்பாற்றியதையும் மறைக்கவில்லை. மாலையில் அவன் வீடு வீடாக ஏறி இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

நீ இருந்தால், "பாவம்க்கா, விட்டுடு" என்பாய். உன் பிடிவாதம், உன் சிரிப்பு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த மனசை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கும் வருவான். நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.