பூட்டிய கதவின் முன்னால்

வீட்டுக்காரிக்கு,

நீயும், உன்னை அதட்டும் என் அம்மாவும் நலமா? எனக்கு ஒரு குறையுமில்லை.

கடைத்தெருவில் வேலை. முதலில் வங்கி, பிறகு துணிக்கடை, அப்புறம் சினிமா கொட்டகையாக இருந்த கட்டிடம் இப்போது ஹோட்டலாகிறது. பழமை போகக்கூடாதென்று முன்சுவரையும் கதவையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

நேற்று காலை கதவு பூட்டியிருந்தது. அத்தனை பேரும் சாவிக்காக வாசலிலேயே காத்து நின்றோம். பின்பக்கமாக உள்ளே போயிருந்த மேஸ்திரி கதவைத் தட்டி, "டேய், சாவி யாருகிட்ட இருக்கு? நான் எப்படி வெளிய வர்றது?" என்று கத்தினார். அப்போதுதான் மற்ற மூன்று சுவர்களையும் முந்தின நாள் நாங்களே இடித்தது நினைவுக்கு வந்தது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. இந்தப் பக்கம் யாராவது வந்தால், நம் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தனுப்பு. இங்கே அதை வைத்துத் திறக்க எதுவுமில்லை. சும்மா சட்டைப்பையில் கிடக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்