கித்தா எண்ணெய்க் கார்

29 ஆகஸ்ட் 1943, ஞாயிறு

ஜப்பான் கணக்குப்படி வருஷத்தை 2603 என்று எழுத வேண்டுமாம். ஆபீஸில் எழுதுகிறேன். இது என் நோட்டு, இதில் 1943தான்.

இன்றும் கார்புரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் என்ற பேரில் கித்தா எண்ணெய் கொடுக்கிறார்கள், ரப்பரைப் போட்டுக் காய்ச்சி வடித்தது. செத்த எலியை டயரோடு சேர்த்துக் கொளுத்தின நாற்றம். எண்ணெய் பீச்சுகிற ஜெட் துளையெல்லாம் பிசின். குத்தி எடுத்து, வாயால் ஊதி, அந்தக் கருமத்தைக் கொஞ்சம் விழுங்கியும் விட்டேன். என் பெண்சாதி கோகிலா சாப்பாடு போட்டாள். மரவள்ளிக் கிழங்கிலும் அதே வாடை.

காருக்குச் சொந்தக்காரர் டாக்டர். அவர் கப்பலேறி இந்தியா போகிறபோது "காரைப் பத்திரமா பாத்துக்க சேதுபதி" என்றார். பார்த்துக்கொள்கிறேன். ஜப்பான்காரன் காரை எடுத்தபோது டிரைவர் என்று என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். இப்போது டாக்டர் உட்கார்ந்த சீட்டில் கருணாகரன் உட்காருகிறார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர். இன்றைக்கு ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர். கார் முன்னால் போகும், காலி லாரி பின்னால் வரும். கூலிகள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சனத்தைக் கூப்பிட்டு, அரிசி உண்டு, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்பார். ஏற மறுத்தால் லாரியில் இருக்கிற சிப்பாய்கள் ஏற்றுவார்கள். போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

அந்தக் காரைத்தான் நான் ஓட்டுகிறேன். ஓட்டுகிற வரைக்கும் எனக்கு சயாம் இல்லை. த்தூ.

3 செப்டம்பர், வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோயிலுக்கு முன்னால் காரை நிறுத்தச் சொன்னார் கருணாகரன். சந்தனம் எங்கே கிடைக்கிறது? மரவள்ளி மாவை மஞ்சள் போட்டுக் கூழாகக் காய்ச்சிச் சட்டியில் கொண்டுவந்திருந்தார். குருக்களை விடவில்லை. தன் கையாலேயே விளக்கு, ஸ்டீயரிங், நாலு சக்கரம், பின்னால் எண்ணெய் டாங்கி மூடி, எல்லாவற்றிலும் அப்பினார், நடுவில் குங்குமம் வைத்தார்.

"துணி கிணி படக் கூடாது சேது. வெள்ளிக்கு வெள்ளி நானே புதுசு வைப்பேன். தொழிலு நல்லா நடக்கணும்லா."

தொழிலாம். கண்ணில் தண்ணீர் வரக் கும்பிட்டார் வேறு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

6 செப்டம்பர், திங்கள்

செங் ஊரைத் தாண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் இருமி இருமி நின்றது. பிசின்தான் என்று நினைத்தேன். முதலில் வழக்கம்போல டாங்கியில் குச்சி விட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். பாதி டாங்கி இருந்தது. பிறகு வெயிலில் நின்று கார்புரேட்டரைக் கழற்றினேன். ஜெட் சுத்தம். இருந்தாலும் ஊதி மாட்டினேன். கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மறுபடியும் குச்சி, மறுபடியும் ஜெட்.

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ சைக்கிளில் முந்திப் போய்ச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். லயத்தில் பொம்பளைகள்தான் இருந்தார்கள். ஆம்பிளைகள் யாவரும் கித்தாக் காட்டுக்குள்ளே.

லாரி காலியாகத் திரும்பியது. எனக்குச் சந்தோஷம். அதை முகத்தில் காட்டக் கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

9 செப்டம்பர்

மறுபடியும் நின்றது. லாரி மறுபடியும் காலி. கன்னம் வீங்கியிருக்கிறது. அறைந்தது ஜப்பான்காரன் இல்லை, நம்ம ஆள்.

11 செப்டம்பர், சனி

பம்ப்பைப் பிரித்தேன், தோல் நன்றாக இருக்கிறது. குழாயைக் கழற்றி ஊதினேன், அடைப்பு இல்லை. சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினேன். மிதவையைக் குலுக்கிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. பிறகு ஏன் நிற்கிறது? இத்தனை வருஷம் கார் மேய்த்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையா?

கருணாகரன் ஷெட்டுக்கு வந்து, என் தோளில் கை போட்டுப் பேசினார். அறைந்த கை.

"நீயே வேணும்னு நிப்பாட்டுறேன்னு மேல நினைக்கிறாங்க. நான்தான் உனக்காகச் சொல்லி வச்சிருக்கேன். இன்னொரு தடவ நின்னுச்சு, லாரில ஒரு ஆளு குறையாது. நீ ஏறிக்குவ."

கோகிலாவிடம் சொன்னேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அடுத்து எந்தத் தோட்டம்?"

தெரியாது என்றேன்.

"என் தம்பி தோட்டத்துக்கு வர ரொம்ப நாளாகாதுங்க. நீங்க ஓட்டுற காடிக்குப் பின்னால வர்ற லாரிலதான் ராஜரத்தினம் ஏறப் போறான்."

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் அசிங்கமாக இருந்தது.

14 செப்டம்பர், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

கருணாகரனை கிளேபாங்கில் ஒரு வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். கடலோரத்தில் கார் நின்றது. இறங்கி டாங்கி மூடியைத் திறந்தேன். திறந்தபோது புஸ் என்று ஒரு சத்தம். குச்சியை விட்டு எடுப்பதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. பானட்டைத் திறக்க வழியில்லை. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, சும்மா ஒரு தடவை கிளப்பிப் பார்த்தேன். கிளம்பிவிட்டது.

கார்புரேட்டரை நான் தொடவேயில்லை.

மழை விட்டதும் இறங்கி மூடியைப் பார்த்தேன். எண்ணெய் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று போக வேண்டும். அதற்கென்று மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. துளை அடைபட்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது. மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், கார் ஓடும். இத்தனை நாளும் என்னை அறியாமல் குச்சி விட்டுக் காரைக் கிளப்பிவிட்டு, ஜெட்டை ஊதியதால் ஓடுகிறது என்று நம்பியிருக்கிறேன், மடையன்.

துளைக்குள்ளே கருணாகரன் அப்பிய மரவள்ளிக் கூழ். காய்ந்து கல்லாகியிருந்தது, மேலே குங்குமத்தோடு.

சிரிப்பு வந்தது. ஒரு குண்டூசி போதும், கார் ஓடும். ஓடினால் ராஜரத்தினம் போவான். ஓடாவிட்டால் நான் போவேன்.

17 செப்டம்பர், வெள்ளி

மூன்று நாளாக யோசித்தேன். கடைசியில் பயம்தான் ஜெயித்தது. இதை எழுதவே கூசுகிறது. காலையில் காரோடு கருணாகரன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, டாங்கி மூடியில இருக்கிற பொட்டு காத்துத் துளைய அடைக்குது. துடைச்சிட்டா காடி நிக்காது."

அவர் அப்போது புதுக் கூழோடு காருக்குப் பூஜை செய்துகொண்டிருந்தார்.

"பிள்ளையாரு பொட்டாலதான் காடி நிக்குதா? உன் கையாலாகாத்தனத்துக்கு சாமி மேல பழியா? தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன்."

சொல்லிக்கொண்டே மூடியில் இன்னும் ஒரு அப்பு அப்பினார். அந்த மஞ்சள் விரலை என் சட்டையில் துடைத்தார்.

திங்கட்கிழமை ஜப்பான் ஆபீசரே கூட வருகிறாராம். ராஜரத்தினத்தின் தோட்டம்.

20 செப்டம்பர், திங்கள்

மேட்டில் ஏறும்போது நின்றது. தோட்டத்துக்கு இன்னும் ஒரு திருப்பம்தான் பாக்கி.

ஆபீசர் பின் சீட்டில் இருந்து இறங்கவில்லை, "செப்பாட், செப்பாட்" என்று மலாயில் அவசரப்படுத்தினார். நான் பானட்டைத் திறந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை. துணியை விரித்துக் கார்புரேட்டரை முழுசாகப் பிரித்து வைத்தேன். சுத்தமான ஜெட்டை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன், ஊதினேன், மறுபடியும் பார்த்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களையும் லாரியையும் பார்த்துவிட்டு லயத்துப் பக்கம் ஓடின. ஓடட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊதினேன்.

கருணாகரன் காருக்குப் பின்னால் போனார். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துடைத்தால் ஆபீசர் ஏன் என்று கேட்பார், வைத்தது யார் என்றும் கேட்பார். முதுகைக் காட்டி மூடியை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

போதும் என்று தோன்றியபோது எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் குச்சியோடு பின்னால் போனேன். "கொஞ்சம் தள்ளிக்குங்கய்யா" என்றேன். தள்ளிக்கொண்டார். புஸ்.

தோட்டத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. ஆபீசர் கருணாகரனை அறைந்தார். கருணாகரன் என்னை அறைந்ததைவிட அதிக தடவை. ஆள் பிடித்துத் தர வேண்டியவர் கருணாகரனாம், டிரைவர் இல்லையாம்; ஏறச் சொல்லி லாரியைக் காட்டினார். கருணாகரன் கும்பிட்டார், காலில் விழுந்தார், ஏறினார். ஏறினபின் என் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் ராஜரத்தினம் பின்கட்டில் காலெல்லாம் சேறாக உட்கார்ந்து கிழங்கு தின்கிறான்.

"மேட்டுல நிப்பாட்டுனது நீங்கதானே மச்சான்?"

கார்தான் என்றேன்.

21 செப்டம்பர்

காரைக் கழுவச் சொல்லி உத்தரவு. பொட்டு ஒன்றும் இருக்கக் கூடாதாம். சுரண்டினேன். துளையைக் குண்டூசியால் எடுத்தேன். எடுக்காமல் விட்டிருக்கலாம். பக்கத்திலேயே ஒரு சிப்பாய் நின்றான்.

24 செப்டம்பர், வெள்ளி

கருணாகரன் வீட்டம்மா வந்தார். இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. "மூணு மாசத்துல திரும்பிடுவாங்கதானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

திரும்பிடுவார் என்றேன். கருணாகரன் லயத்தில் சொல்கிற அதே பொய், அதே மாதிரியே என் வாயிலும் வந்தது. அவர்கள் போன பிறகு வாயைக் கொப்பளித்தேன். அந்த ஆளை நினைத்தால் இன்னும் அருவருப்புதான். ஆனால் அவரை அனுப்பியவன் நான் என்பதும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

30 செப்டம்பர்

புது ஆள் கலியாணசுந்தரம் வந்துவிட்டார். மரியாதையான மனுஷர், என்னை "அண்ணே" என்கிறார். இன்று ஒரு தோட்டத்துக்குப் போனோம். கார் எங்கும் நிற்கவில்லை. மேட்டில்கூட இருமவில்லை. லாரி நிறைந்து திரும்பியது.

ஒருத்தன் சட்டை போடக்கூட விடவில்லை, அவன் பெண்சாதி சட்டையோடு லாரிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

"காடி நல்லா வச்சிருக்கீங்கண்ணே" என்றார் கலியாணசுந்தரம்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

7 அக்டோபர், வியாழன்

ஆயுத பூஜை. காருக்குப் பொட்டு வைக்கலாமா என்று கலியாணசுந்தரத்திடம் கேட்டேன். "நல்ல காரியந்தானேண்ணே, கேக்கணுமா? நான் சொன்னதா சொல்லுங்க" என்றார்.

கோகிலா காலையிலேயே மரவள்ளி மாவை மஞ்சள் போட்டுக் காய்ச்சிவிட்டாள். கிண்டிக்கொண்டே கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது போதுமாங்க, இன்னும் கெட்டியா வேணுமா?"

இன்னும் கொஞ்சம் கெட்டியாக என்றேன்.

விளக்குக்கு, ஸ்டீயரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு ஒவ்வொரு தடவை வைத்தேன். டாங்கி மூடிக்கு மட்டும் இரண்டு தடவை.