பத்மாவின் வயது

ஜனவரி 9, 1933, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதி வைக்கிறேன்.

அரசாங்கப் பெண்கள் பள்ளியில் கமலாவுக்கு இடமில்லை. பதின்மூன்று வயது தாண்டக் கூடாதாம். என் மகளுக்கு மூன்று மாதம் கூடுதல். பிறப்புப் பத்திரத்தை உள்ளபடியே நீட்டினேன். முட்டாள்தனம். இடம் மிஞ்சினால் சில மாதம் விட்டுக்கொடுப்பதுண்டு என்றார்கள். மிஞ்சவில்லை. கடைசி இடம் எங்கள் ரயில்வே ஆபீஸ் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர், வைத்தியலிங்கத்தின் மகள் பத்மாவுக்கு.

ஆபீசில் எல்லாருக்கும் லட்டு. நானும் தின்றேன்.

"என்ன சாமிநாதன், உங்க பொண்ணைக் கிள்ளான்ல போடுங்களேன். நமக்குத்தான் ரயில் பாஸ் இருக்கே!" என்றார் வைத்தியலிங்கம்.

கமலாவுக்கு இடமில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜன. 11, புதன்

பல்வலி. கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

அரசாங்கப் பள்ளி: விஞ்ஞான அறை உண்டு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை.

பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளி: நடந்தே போகலாம். பாதி நாள் தையல், பாட்டு. ஏழாம் வகுப்போடு சரி.

கிள்ளான் பள்ளி: யார் போனாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவே சந்தேகம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பெண் பிள்ளை தனியாக. கேம்பிரிட்ஜில் அங்கே யாரும் தேறுவதில்லை என்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். தன் மகளை மட்டும் அங்கே அனுப்புகிறார்!

கமலாவுக்கு ஆசிரியை ஆக வேண்டுமென்று ஆசை. கேம்பிரிட்ஜ் இல்லாமல் நடக்காது. சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

ஜன. 12, வியாழன்

என் மனைவி சிவகாமி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "பத்மாவுக்குப் பன்னண்டா? அவங்க கப்பல்ல வந்து எறங்கினப்பவே அது தத்தித் தத்தி நடந்துச்சுங்க. நம்ம கமலா அப்பத்தான் குப்புற விழுந்தா."

இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே! ஊரில் பிறந்த பெண். இங்கே பத்திரம் கிடையாது. வயதைக் குறைத்துப் புதிதாக ஒரு ஜாதகம் கணித்து, மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு சத்தியம். முடிந்தது காரியம். பத்மா கமலாவுக்கு அரை வருஷமாவது மூத்தவள்.

"ஊரே அப்படித்தாங்க செய்யுது. நீங்க மட்டும் அரிச்சந்திரன்."



ஜன. 14, சனி

அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தால் பத்மா! தன் புதுப் புத்தகங்களைக் கமலாவின் மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அழாதே லா. டீச்சர் சொல்றதை அன்னன்னிக்கே வந்து உனக்குச் சொல்லித் தரேன்."

கமலா எழுந்து சாப்பிட்டாள். மூன்று நாளில் முதல் தடவை.

அந்தப் பெண்ணை யார் அனுப்பியது? என் முகத்தைப் பார்த்து வரச் சொல்லி அப்பனா?

ஜன. 15, ஞாயிறு

பள்ளி இன்ஸ்பெக்டருக்குக் கடிதம். ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், என் கை தெரியாதபடி. கப்பல் வந்த வருஷம், நடந்த குழந்தை, ஜாதகம், எல்லாம் எழுதியாயிற்று. பத்மா வெளியே வந்தால் ஓரிடம் மிஞ்சும்.

"யாருக்குப்பா லெட்டர்?" என்றாள் கமலா.

"ஆபீஸ் விஷயம்."

எங்கள் ஆபீசில் வேலையிலிருந்து நிறுத்தப்போகிறவர்களின் ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிப்பவர் வைத்தியலிங்கம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான். கடிதத்தில் பத்மாவின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. அப்படியே, நாளை ஆபீஸ் வேலையாகக் கிள்ளான் போகும்போது அங்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன்; இந்த ஊர் முத்திரை விழாது.